அட்டவணை அக்காவும் அமைதித் தெருவும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அட்டவணை அக்கா. வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அக்கா அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். எந்த விஷயத்தையும் நான்கு கட்டம் போட்டு எழுதினால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எதன் வழியாக, எப்போது. இந்த நான்கு கட்டத்துக்குள் அடங்காத சங்கதி உலகத்திலேயே கிடையாது என்பது அக்காவின் கட்சி.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு அட்டவணை தொங்கியது. கணவருக்கு, குழாய் ஒழுகுகிறது, வாய்மொழியாக, காபி குடித்த பிறகு. மகளுக்கு, அலமாரியை ஒழுங்குபடுத்து, துண்டுச் சீட்டில், ஞாயிறு காலை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற கணவர் அதை மூக்குக்கு நேரே நின்று படித்துவிட்டு, "ஏம்மா, நான் காபி குடிக்கிற வரைக்கும் குழாய் ஒழுகாம காத்திருக்குமா?" என்று கேட்டார். பதினொரு வயது மகளுக்கு வேறு சந்தேகம்.

"அம்மா, நாங்க உனக்கு ஏதாவது சொல்லணும்னா எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"அதுக்குத்தான் வாய் இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மகள் மேற்கொண்டு என்ன சொல்கிறாள் என்று கேட்க நிற்கவில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அக்கா ஒன்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு தேநீர்க் குவளை. பேருந்து எப்போது வரும், எந்த மேடைக்கு வரும் என்று அவள் சொன்னால் ஊரே அந்தப் பக்கம் நகரும். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. ஒரே ஒரு நாள்தான் அது உடைந்தது. வழியில் பழுதாகி நின்றுவிட்ட வண்டியை, மேலாளர் சொன்னார் என்பதற்காக, "சற்று நேரத்தில் வரும்" என்று மூன்று முறை அறிவித்தாள். நான்காவது மணி நேரத்தில் கூட்டம் மாடி ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. உடைத்தவர்களை அவள் மறந்துவிட்டாள். கத்தாமல் ஓரமாக நின்ற ஒருவனைத்தான் மறக்க முடியவில்லை. "வேலைக்கு நேர்காணல்க்கா. வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வண்டியில போயிருப்பேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். அந்த வாரம் முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டத்தில், செய்திகளைத் திட்டமிட ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. சத்தம் மனிதர்களின் உடம்பை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்பது நிறுவனங்கள் ஒன்று சேர்ந்திருந்தன. இரண்டாயிரம் வீடுகளின் சமையலறைச் சுவரில், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அது நாள் முழுக்கச் சத்தத்தின் அளவை எண்ணாக அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த ஆராய்ச்சியைப் பற்றி யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்வது என்று திட்டம் போடுவதுதான் அக்காவின் உத்தியோகம். சேர்ந்த ஆறாவது மாதத்தில் அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு திட்டம் போட்டு முடித்தாள். பத்திரிகைக்காரர்களுக்குப் பதினெட்டுப் பக்கம், அதிகாரிகளுக்குப் பதினைந்து, மருத்துவர்களுக்குப் பன்னிரண்டு. பெட்டி மாட்டிய வீடுகளுக்கு ஒரு துண்டறிக்கை, அது போக அட்டவணையில் ஒரே ஒரு வரி. பதினேழாவது வரி.

அந்தத் துண்டறிக்கை பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும். நான்கு பத்திதான், ஒன்பது நிறுவனங்களும் ஒப்புக்கொள்ளப் பதினொரு வாரம் ஆனது. ஒருவர் காற்புள்ளி வைப்பார், அடுத்தவர் எடுப்பார், மூன்றாமவர் அந்த இடத்தில் தன் நிறுவனத்தின் முழுப் பெயரைச் செருகுவார். அக்கா முதலில் எழுதியதில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "இந்தப் பெட்டி நீங்கள் பேசுவதைப் பதிவு செய்யாது, சத்தம் எவ்வளவு என்று மட்டும் அளக்கும்." பத்தாவது வாரத்தில் சட்டப் பிரிவுக்காரர் அதில் கை வைத்தார். "யாராவது கேட்டாங்களா மேடம்? நாமளா எதுக்குச் சொல்லணும்? சொன்னாத்தான் சந்தேகமே வரும்." அதற்குப் பதில் அவர் எழுதியது: "தரவுகள் உரிய நெறிமுறைகளின்படி கையாளப்படும்." அக்காவுக்கு அன்று நல்ல பசி. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சரி என்று ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருடம் ஓடியது. அடுத்த திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. இன்னும் மூன்று வருடம் தொடரலாமா, இல்லை இத்தோடு மூட்டை கட்டலாமா என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அலுவலகத்தில் நாற்பது பேர். யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரத்தில், செவ்வாய்க்கிழமை காலை, கணக்குப்புலி வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். எண்களை அலசுகிற புள்ளியியல்காரர் அவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ஒரு தெருவே அமைதியாயிடுச்சு!" என்றார். "முப்பத்தெட்டு வீடு. நாலு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் அறுபது, அறுபத்தஞ்சு டெசிபல்னு கத்திக்கிட்டிருந்த தெரு. இப்ப இருபத்தாறு! எல்லா வீட்டுலயும் இருபத்தாறு! நகராட்சி அந்த மாசம்தான் குழாய் பதிக்கத் தெருமுனைய மூடியிருக்காங்க. வண்டிய நிறுத்தினா வீடு அமைதியாகும்னு இதைவிட அழகா யாரும் நிரூபிச்சதே இல்ல!"

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டார். "இதுதான்மா நம்ம துருப்புச் சீட்டு. திங்கக்கிழமை குழு முன்னாடி இதை வைக்கிறோம், அன்னைக்கே பத்திரிகைக்கும் கொடுக்கிறோம். திட்டம் போடு. நல்ல படம் நாலு வேணும். குழந்தைங்க தெருவுல படிக்கிற மாதிரி, யாராவது ஜன்னலோரம் தூங்குற மாதிரி."

புதன்கிழமை அக்கா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அமைதித் தெருவுக்குப் போனாள்.

தெருமுனையில் இறங்கியதுமே காதைப் பொத்திக்கொண்டாள். முதல் கடையில் பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிறவர் அண்டாவை வெளுத்துக்கொண்டிருந்தார். எதிரே வெல்டிங் பட்டறை. அதற்கடுத்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. மாணவர்கள் வண்டி ஓட்டினார்களோ இல்லையோ, ஹாரன் அடிக்க நன்றாகக் கற்றிருந்தார்கள். மூடிய பாதை எங்கே என்று தேடினாள். "அது பன்னெண்டே நாள்ல திறந்தாச்சுங்க. இப்ப புதுசா ரோடு போட்டதால எல்லா லாரியும் இந்தப் பக்கம்தான்," என்றார் அண்டாக்காரர், கத்தி. கத்தினால்தான் கேட்டது.

முகவரிப் பட்டியலில் முதல் வீடு தையல்காரம்மாவுடையது. முன் அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் மாமியார் உட்கார்ந்து பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா தான் இன்னார் என்று சொன்னதும் மெஷின் நின்றது. மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"பெட்டி பத்திரமா இருக்குங்க," என்றாள் தையல்காரம்மா, கேட்பதற்கு முன்பே.

பத்திரமாகத்தான் இருந்தது. சமையலறைச் சுவரில், மாட்டிய இடத்திலேயே. ஆனால் அதற்கு ஒரு சட்டை போட்டிருந்தது. நீலத் துணி, உள்ளே மூன்று விரற்கடைப் பஞ்சு, ஓரத்துக்குச் சிவப்பு நாடா, மூடுவதற்கு ஒரு பொத்தான். அவ்வளவு நேர்த்தியான தையலை அக்கா கடைகளில்கூடப் பார்த்ததில்லை.

"இது... எதுக்குங்க?"

"நாங்க கேக்கணும்மா அந்தக் கேள்விய!" என்றார் மாமியார், பொத்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு. "நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் எனக்கும் இவளுக்கும் சின்னதா வாய்ச்சண்டை. எந்த வீட்டுல இல்ல? மறுநாள் காலையில ஃபோன்ல உங்க செய்தி வருது. 'நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு உங்கள் வீட்டில் வழக்கத்துக்கு மாறான சத்தம் பதிவாகியுள்ளது.' பதிவாகியுள்ளதாம்! இவ என்னைச் சொன்னது, நான் இவளைச் சொன்னது, எல்லாத்தையும் ஒரு ஆபீஸே உக்காந்து கேட்டிருக்கும்னு நெனச்சப்ப எனக்குத் தூக்கமே வரல."

அக்காவுக்குத் தன் அட்டவணை நினைவுக்கு வந்தது. பதினேழாவது வரி. ஒரு பெட்டியில் சத்தம் திடீரென்று எகிறினால் பெட்டி பழுதாகியிருக்கலாம், அதனால் மறுநாள் காலை அந்த வீட்டுக்குத் தானாக ஒரு செய்தி போக வேண்டும். எழுதியது அவள்தான். எழுதிய அன்று இது எவ்வளவு மரியாதையான ஏற்பாடு என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

"அத்தை போய்த் தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க," என்றாள் தையல்காரம்மா. "எல்லாரும் பயந்துட்டாங்க. எடுத்துக் கடாசிடலாம்னாங்க. மூணு வருஷம் வச்சுக்கிறோம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சே, எடுத்தா வாக்குத் தவறின மாதிரி ஆகாதா? அதான் மிச்சம் விழுந்த துணியில எல்லாருக்கும் ஒரே அளவா உறை தச்சுக் கொடுத்தேன். ஒரே பஞ்சு. நீங்களும் கெட்டுப் போகக் கூடாது, நாங்களும் கெட்டுப் போகக் கூடாது."

அக்கா அன்று முப்பத்தெட்டு வீட்டுக்கும் போனாள். முப்பத்தெட்டுப் பெட்டியும் முப்பத்தெட்டுச் சட்டையில் இருந்தன. பச்சை, மஞ்சள், பூப்போட்டது. ஒரு வீட்டில் துவைத்துக்கூடப் போட்டிருந்தார்கள். படம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியிலேயே கணக்குப்புலிக்கு ஃபோன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"எல்லா உறையிலயும் ஒரே அளவு பஞ்சா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க."

"அதான் எல்லா வீட்டுலயும் ஒரே எண்ணு. நான் அதைத்தான் அழகுன்னு நெனச்சேன்." மூன்று வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் கண்டுபிடிப்பு அது. அக்காவுக்கு அவரை நினைத்துப் பாவமாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை இயக்குநர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை இரண்டு முறை உருட்டினார்.

"திங்கக்கிழமைக்கு மூணே நாள் இருக்கு. இப்பப் போய் இதைச் சொன்னா திட்டம் போச்சு. நாப்பது பேர் வேலையும் போச்சு. மதிப்பீடு முடியட்டும்மா. அப்புறம் காதும் காதும் வச்ச மாதிரி திருத்திக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பேரை நினைத்துத்தான் சொன்னார். அந்த நாற்பதில் அக்காவும் ஒருத்தி.

"சார், நான் பஸ் ஸ்டாண்டுல 'சற்று நேரத்தில்'னு மூணு தடவை சொன்னவ. நாலாவது தடவை என் வாயில வராது சார். பஸ் வராதுன்னு நாமளே முதல்ல சொல்லிட்டா ஜனங்க திட்டுவாங்க, ஆனா கண்ணாடிய உடைக்க மாட்டாங்க."

"அப்ப நீயே சொல்லு. என்னால முடியாது," என்றார் இயக்குநர். கோபமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை அக்கா கணக்குப்புலியை அழைத்துக்கொண்டு, ஒரு உபரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மறுபடி தெருவுக்குப் போனாள். பெட்டியோடு ஒரு சின்னத் திரையை இணைத்து, அது அலுவலகத்துக்கு அனுப்புவது என்ன என்று அப்படியே தெரிகிற மாதிரி செய்திருந்தார் கணக்குப்புலி. தையல்காரம்மா வீட்டு வாசலில் வைத்தார்கள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. திரையில் ஒரே ஒரு எண். அது மட்டும் ஏறி இறங்கியது.

"இதுக்கு முன்னாடி பேசிப் பாருங்கம்மா," என்றாள் அக்கா மாமியாரிடம். "என்ன வேணும்னாலும் பேசுங்க."

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகளைப் பற்றித் தன் மனத்தில் நெடுநாளாக இருந்ததை, ஒளிவு மறைவில்லாமல், தெருவே கேட்க எடுத்துவிட்டார். முடித்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். 71.

"அவ்வளவுதானா? நான் இவ்வளவு சொன்னதுக்கு வெறும் எழுபத்தொண்ணா?"

"நகருங்க அத்தை," என்று தையல்காரம்மா முன்னால் வந்தாள். அவள் 74. தெரு கைதட்டியது. அண்டாக்காரர் ஓடிப்போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்தார். அவரை யாரும் ஜெயிக்க முடியவில்லை. கணக்குப்புலி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "இதை மூணு வருஷம் முன்னாடியே நாங்க காட்டியிருக்கணும். காட்டல. எழுதியும் கொடுக்கல. ஒரு வரி எழுதியிருந்தேன், அதை எடுக்கச் சொன்னப்போ சரின்னுட்டேன். தப்பு என்னோடது," என்றாள். மாமியார் உள்ளே போய்த் தன் வீட்டுப் பெட்டியின் நீலச் சட்டையைக் கழற்றிக்கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார்.

"வச்சுக்கம்மா. அடுப்புல சட்டி இறக்க நல்லா இருக்கும்."

திங்கட்கிழமை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவி அம்மா. மதிப்பீட்டில் சிரிக்காதவர் என்று ஒன்பது நிறுவனங்களிலும் பேர் வாங்கியவர். அக்கா எழுந்ததும் அவளையறியாமல் பழைய கண்ணாடி அறைக் குரல் வந்துவிட்டது.

"குழுவின் கனிவான கவனத்திற்கு. இன்று உங்களுக்கு அறிவிப்பதாக இருந்த கண்டுபிடிப்பு வராது." நீலச் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "காரணம் இது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு வாரத் துண்டறிக்கை, சாப்பாட்டு மணி, பதினேழாவது வரி, பஞ்சு. யார் தலையிலும் போடவில்லை. தலைவி அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"உங்க திட்டம் மொத்தம் எத்தனை பக்கம்?"

"அறுபத்து நாலு, மேடம்."

"அதுல இந்த வீட்டுக்காரங்க உங்களுக்கு ஏதாவது சொல்ல எத்தனை பக்கம்?"

அக்காவுக்கு ஃபிரிட்ஜ் கதவு கண்முன் வந்தது. "ஒரு கட்டம்கூட இல்ல, மேடம்."

அப்போது கணக்குப்புலி எழுந்து, யாரையும் கேட்காமல், சுவர்த்திரையில் ஒரு படத்தைப் போட்டார். தெருவின் முப்பத்தெட்டுக் கோடுகள். நான்கு மாதமாகத் தரையோடு படுத்திருந்தவை வெள்ளிக்கிழமை மாலையில் ஒவ்வொன்றாக எழுந்திருந்தன. "இது இந்த நிமிஷம் அந்தத் தெரு," என்றார். "ஒரு வீடுகூடப் பெட்டிய எடுக்கல. உறையத்தான் எடுத்தாங்க. உண்மைய சொன்னதும் மூணே நாள்ல எங்களுக்கு முப்பத்தெட்டு வீடும் திரும்பக் கிடைச்சிருச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கோடு மட்டும் விருட்டென்று எகிறியது. 73. உடனே 75. அக்கா வீட்டு எண்ணைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அது என்ன?" என்றார் தலைவி அம்மா.

"தையல்காரம்மா வீடு, மேடம். மாமியார் எழுபத்தொண்ணுல இருந்து முன்னேறியிருக்காங்க."

தலைவி அம்மா சிரித்தே விட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில அவங்களுக்கு அந்தச் செய்தி போகுமா?" என்று கேட்டார்.

"போகாது மேடம். நிறுத்திட்டேன். இனிமே நானே போய்ச் சௌக்கியமான்னு கேட்டுட்டு வருவேன்."

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இன்னும் மூன்று வருடம். நிபந்தனை ஒன்றுதான்: அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், 'அவர்கள் நமக்குச் சொல்வது'. அதில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று ஒன்பது நிறுவனங்களும் கேட்டன. இப்போதைக்குக் காலியாகத்தான் இருக்கும் என்று அக்கா பதில் போட்டாள். திருத்த ஒன்றும் இல்லாததால் அன்றைக்கே எல்லோரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜ் கதவு அட்டவணையிலும் ஐந்தாவது கட்டம் போட்டாள். கயிறு கட்டி ஒரு பென்சிலையும் தொங்கவிட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு முகம் கழுவித் திரும்பி வருவதற்குள் மகளின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: "போன மாசம் பாட்டுப் போட்டியில நான் ரெண்டாவது பரிசு. சொல்ல இடம் இல்ல."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி மகளைக் கூப்பிட்டாள். அறிவிப்பாளர் குரலில் இல்லை.

"என்ன பாட்டுடி அது? பாடு, கேக்கறேன்."

"முழுசாவா?"

"முழுசா."

மகள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். நடுவில் பால் பொங்கியது, அக்கா எழுந்திருக்கவில்லை. கணவர்தான் வந்து, நீல உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.